ஜிம்மி இருக்கிற வீட்டில் கோழி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அப்பாவின் காக்கிச் சட்டை அடுப்புக்கு மேல் கொடியில்.

இது போன வருட டைரி. ரயில் ஸ்டேஷனில் யாரும் எழுதாமல் கிடந்ததாம், அப்பா கேட்டு வாங்கி வந்தார். கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஆகையால் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு மிளகாய் வற்றல். மிளகாய் நகர்ந்திருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவின் புருஷனுக்குக் கிள்ளானுக்கு மாற்றல். இருபதாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவளுடைய கறுப்புக் கோழி அடையில் இருக்கிறது. பொரித்ததும் தாயையும் குஞ்சுகளையும் எனக்கே கொடுத்துவிடுகிறாளாம். சும்மா.

சும்மாவா? இதே அக்கா, எங்கள் ஜிம்மி அவளுடைய கோழியைக் கவ்வியதற்காக ஒரு மாதம் குழாயடியில் அம்மா முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பிடித்தவள். இப்போது என்ன திடீர்ப் பாசம்? கோழிக்குச் சீக்கு இருக்குமோ.

இருந்தாலும் எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

அம்மாவிடம் கேட்டாயிற்று. உலை கொதிக்கும்போது கேட்டது என் தப்பு.

"ரெண்டு நாய் இருக்குற வீட்ல கோழியா? உனக்கென்ன கிறுக்கா, அஞ்சலை?"

இரண்டு நாய் என்பது கணக்குக்குத்தான். மணி கிழடு. ஒரு கண் தெரியாது, பல்லும் இல்லை. சோற்றையே மென்று முடிக்க அரை மணி நேரம். பிரச்சினை ஜிம்மிதான். ரயில்வே துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போன நாய். நீளக் காது, பழுப்புக் கண். அப்பாவுக்கு அது மூத்த பிள்ளை.

அம்மா சொன்னவை:
1. ஜிம்மி கவ்வும்.
2. எச்சத்தை யார் அள்ளுவது.
3. பாம்பு வரும்.
4. "கடிச்சுப் போட்டுச்சுன்னா, அப்புறம் யாரு பதில் சொல்றது?"

முதல் மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நாலாவது புரியவில்லை. நம் கோழியை நம் நாய் கடித்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? கேட்டேன். அம்மா அகப்பையால் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பாவுக்கு ட்யூட்டி இல்லை. பின்கட்டில் ஜிம்மிக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு பொறுக்கினேன். பிறகு கேட்டேன்.

"உங்க அம்மா என்ன சொன்னா?"

"நீங்க சொன்னா சரிங்கிறாங்க." பொய்.

"அவ அப்படிச் சொல்ல மாட்டாளே."

"ஜிம்மியக் கட்டிப் போடலாம்பா."

"கட்டிப் போட்டு வளக்கவா துரை குடுத்தாரு?"

கேட்டுவிட்டார், அவ்வளவுதான். என்னைக் கட்டிப் போட்டு வளர்க்கலாம், நாயைக் கூடாது. எனக்குப் பெரிய காய்ச்சல் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதில் முடி கொட்டி மொட்டை அடித்தது, பள்ளிக்கூடம் நின்றது. முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் திரும்ப வரவில்லை. குழாயடிதான் என் எல்லை. பாசாருக்குக் காய் வாங்கக் கூட அம்மா தனியே விடுவதில்லை. எனக்குப் பதினாறு வயது. காலையில் எழுந்ததும் என்னைத் தேடி ஒன்று ஓடி வர வேண்டும், நான் வராவிட்டால் அதற்குப் பசிக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 11, புதன்

உடம்பு சுடுகிறது. மழையில் துணி எடுத்ததால். அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். கஞ்சி. ரசம். மறுபடி கஞ்சி.

பிப்ரவரி 13, வெள்ளி

காய்ச்சல் விட்டது. நேற்றுப் பூராவும் அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் குசுகுசு. நான் போனால் நிறுத்திவிட்டார்கள். செல்லம்மா அக்காவும் வந்து போனாள். அவளும் குசுகுசு.

இன்று காலை அம்மா வந்து, என் முகத்தைப் பார்க்காமல்: "கோழி வாங்கிக்க. ஆனா ஜிம்மிய அப்பா பழக்கட்டும். பழகுற வரைக்கும் கோழிய வெளிய விடக் கூடாது."

ஒரு வாரமாகச் சண்டை போட்டவள் ஒரே இரவில் எப்படி இறங்கினாள்? காய்ச்சலுக்கு இரக்கமா? அப்படியென்றால் மாதம் ஒரு தடவை காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் இரக்கப்பட்ட முகமாக இல்லை. பயந்த முகம்.

பரவாயில்லை. கோழி வருகிறது!

பிப்ரவரி 19, வியாழன்

வந்தாயிற்று. கறுப்பி ஒன்று, குஞ்சு ஏழு. கோழியைக் கவிழ்த்து வைக்கும் மூங்கில் பஞ்சாரமும் அக்காவே கொடுத்தாள். லோரியில் சாமான் ஏற்றும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதம் பேசாதிருந்தவர்களின் அழுகை இது.

ஜிம்மி பஞ்சாரத்தைச் சுற்றி மூன்று தடவை வந்தது. பிறகு படுத்தது. எச்சில் ஒழுகியது. எனக்கு அந்த எச்சில் பிடிக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

அப்பாவின் வைத்தியம் வேடிக்கை. தினமும் ட்யூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல், ஜிம்மியைச் சங்கிலியோடு பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்துகொள்கிறார். அடி இல்லை, திட்டு இல்லை. ஜிம்மியின் கண் குஞ்சு மேல் போனால் "ம்ஹும்" என்கிறார். அவ்வளவுதான். முதல் நாள் நூறு "ம்ஹும்" இருக்கும். இன்று எண்ணினேன், பதினொன்று.

"எதுவா இருந்தாலும் தெனம் பாத்தா பழகிடும். பழகிட்டா ஒடம்பு துள்ளாது. யார்டுல முதல்ல எஞ்சின் ஊதுனப்ப நானே ரெண்டடி துள்ளினவன்தான்."

அப்பாவை இவ்வளவு நேரம் பேசிக் கேட்டதில்லை. ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலையில் யாரோடு பேச, தண்டவாளத்தோடா?

மார்ச் 21, சனி

இன்று சங்கிலி இல்லாமல். குஞ்சுகள் ஜிம்மியின் வாலைக் கொத்தின. ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டது. அப்பாவுக்கு மீசை கொள்ளாத சிரிப்பு. மணிக்கு ஒன்றும் தெரியவில்லை, தூங்கியது.

நான் நம்பவில்லை. இவ்வளவு சாதுவாக ஒரு நாய் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 9, வியாழன்

குஞ்சு ஆறுதான்! மூன்று தடவை எண்ணினேன். ஆறு. வேலியோரம் இறகு கொஞ்சம். ஜிம்மி என்னைப் பார்த்ததும் எழுந்து அந்தப் பக்கம் போனது. குற்றம் செய்தவன் நடை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேயறைந்த மாதிரி ஓடி வந்து, "செவப்புக் குஞ்சு இருக்கா? அதப் பாரு முதல்ல!" என்றாள். இருந்தது. உட்கார்ந்து மூச்சு விட்டாள். போனது சாம்பல் நிறம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோழியே வேண்டாம் என்றவளுக்குச் சிவப்புக் குஞ்சின் மேல் என்ன அக்கறை?

அப்பா ஜிம்மியைக் கட்டிப் போட்டுவிட்டார். அவரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 11, சனி

திருடன் அகப்பட்டான். விடிந்ததும் ஜிம்மி சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒரே குரைப்பு. வேலி மேல் மூசாங், கோழி திருடும் மரநாய். பூனையை இழுத்து நீட்டிய மாதிரி உடம்பு. கல் எறிந்தேன், ஓடிவிட்டது.

அப்பா ஜிம்மியை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜிம்மிக்கு என் பங்குக் கருவாட்டைப் போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நாயிடம் எப்படிக் கேட்பது.

மே 24, ஞாயிறு

சிவப்பு சேவல்தான். கொண்டை எழும்பிவிட்டது. செவலை என்று கூப்பிடுகிறேன், வருகிறது. மற்றவை குருணையைக் கண்டால் வரும். இது என்னைக் கண்டால் வரும். தோளில் ஏறி நின்றுகொண்டு என் காதுத் தோட்டைக் கொத்துகிறது. துணி துவைத்தால் கல் பக்கத்தில் நிற்கும். சந்தோஷமாக இருக்கிறது, எழுதிவிட வேண்டியதுதான்.

ஆனால்: அதன் இடது காலில் இன்று ஒரு மஞ்சள் நூல். நான் கட்டவில்லை.

"நீங்க கட்டுனீங்களாம்மா?"

"அடையாளத்துக்கு."

ஒரே ஒரு சிவப்புச் சேவல் இருக்கிற வீட்டில் எதற்கு அடையாளம்?

ஜூன் 14, ஞாயிறு

சந்தேகங்கள், வரிசையாக:
நூல் அழுக்கானால் அம்மா புதிது கட்டுகிறாள்.
செவலைக்கு மட்டும் தனிக் குருணை, அவள் கையால்.
அதை யாரும் தாண்டக் கூடாதாம்.
"வீட்லயே பொறந்து வளந்தது" என்று நேற்று யாரிடமோ வேலிக்கு மேல் பெருமை. பிறந்தது செல்லம்மா அக்கா வீட்டில். அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் ஊகம்: பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா போன வாரம் செமினி தோட்டத்தில் ஏதோ கங்காணி வீட்டைப் பற்றிப் பேசினார். விருந்துக்குக் குழம்பு வேண்டும். வரட்டும். குழம்பில் கை நிறைய உப்பைப் போடுகிறேன்.

ஜூலை 12, ஞாயிறு

செல்லம்மா அக்கா கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தாள். நான் காப்பி போட உள்ளே போனதும் பின்கட்டில் அவள் குரல்:

"அடேயப்பா, நேந்த சேவல் நல்லா நிமிந்துருச்சே! ஆடிப் பூசைக்குத்தானே?"

"மெதுவாடி. அவ காதுல விழப் போவுது."

விழுந்துவிட்டது. காப்பியில் சீனி போட மறந்துவிட்டேன். அக்கா முகம் சுளிக்காமல் குடித்தாள். அவளும் எதையோ மறைக்கிறவள்தானே.

ஜூலை 13, திங்கள்

கேட்டேன். நேராக. அம்மா முதலில் மழுப்பினாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

பெரிய காய்ச்சலில் ஒன்பதாம் நாள் எனக்கு நினைவு இல்லையாம். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அம்மா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடி முனியாண்டி கோயிலுக்கு ஓடினாளாம். செல்லம்மா அக்கா கூடவே.

"எம் பிள்ளையக் குடுத்துரு, எம் முத்தத்துல எங் கையால வளத்த செஞ்சேவல் ஒண்ணக் குடுக்குறேன்னு சொன்னேன். கடையில வாங்குனதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பயத்துல வாய் பெருசாச் சொல்லிருச்சு. வளக்கலாம்னா வீட்ல நாய். நேந்தத நாய் கடிச்சா அது குத்தம். நாய அனுப்புங்கன்னா ஒங்க அப்பா கேக்கல. ரெண்டு வருசம் ஓட்டிட்டேன். பிப்ரவரில ஒனக்கு மறுபடி சுட்டுச்சு பாரு, அன்னைக்கு எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு."

ஆக நான் பேசிப் பேசி யாரையும் மசிய வைக்கவில்லை. கோழி எனக்காக வரவில்லை. எனக்காகத்தான் வந்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி பூசை.

"அது என்கிட்ட வருதும்மா. பேர் சொன்னா வருது."

"நீ என்கிட்ட வந்தியேடி. அது போதும் எனக்கு."



ஜூலை 14, செவ்வாய்

அப்பாவிடம் போனேன். "வேற சேவல் குடுக்கலாமேப்பா."

"வாக்குக் குடுத்தது உங்க அம்மா. நான் இல்ல." ஜிம்மியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "நாய விட்டுக் குடுக்கலன்னு ரெண்டு வருசம் அவ என்னை ஒண்ணும் சொல்லல. இப்ப நான் என்ன வாயத் தொறக்குறது?"

ஜூலை 16, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. எனக்கே பயமாக இருக்கிறது, எவ்வளவு சுலபம்!

கோயிலில் வெட்டும் முன் சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சேவல் உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்தது என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. மூன்று தடவை தெளித்தும் உதறாவிட்டால் சாமி வேண்டாம் என்றுவிட்டது; அப்படியே விட்டுவிடுவார்கள். போன வருடம் யார்டு ஃபிட்டர் ஒருவர் வீட்டுச் சேவல் மூன்றாவது தண்ணீருக்குத்தான் உதறியது, பார்த்தேன்.

அப்பா சொன்னதுதான்: பழகிட்டா ஒடம்பு துள்ளாது.

காலையில் அம்மா குழாயடிக்குப் போனதும் ஒரு சிரட்டைத் தண்ணீர் தலையில். செவலை ஏழு தடவை உதறியது. என் பாவாடை நனைந்தது. ஜிம்மி மட்டும் பார்த்தது.

ஜூலை 20, திங்கள்

உதறல் கணக்கு. வெள்ளி: 6. சனி: 5. ஞாயிறு: 5. இன்று: 3. ஒரு நாளைக்கு நாலைந்து சிரட்டை.

"இது ஏன் எந்நேரமும் நனைஞ்சே கெடக்கு?"

"சாக்கடையில எறங்குதும்மா."

அம்மா என்னையே பார்த்தாள். பாவம், செவலைக்குத் தும்மல் வேறு. அடுப்புச் சாம்பலில் படுக்க வைத்தேன்.

ஜூலை 27, திங்கள்

ஒன்று. மஞ்சள் கலந்தும் பார்த்தாயிற்று, கோயிலில் மணக்கும் என்பதால். ஒன்றுதான்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன்: இறக்கைக்கு அடியில், பூ இறகு இருக்கும் இடத்தில் கட்டைவிரல் பட்டால் தண்ணீரே வேண்டாம், முழு உடம்பையும் உதறிவிடும். அங்கே கை படாமல் பிடிக்க வேண்டும். நேர்ந்தது எனக்காக என்பதால் நான்தான் பிடிக்க வேண்டுமாம், பூசாரி சொன்னாராம். என் அதிர்ஷ்டம்.

ஜூலை 31, வெள்ளி

மூன்று சிரட்டை அடுத்தடுத்து. பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு நின்றது, சங்கிலி அவிழ்த்த அன்று ஜிம்மி வாலைக் கொத்தவிட்டு இருந்த மாதிரி.

அம்மா இன்று விரதம். இரண்டு நாளாக முகத்தில் ஒரு வெளிச்சம். "ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் ஒன்ன பாசாருக்கு அனுப்புறேன். பள்ளிக்கூடத்து டீச்சரயும் கேப்போம்" என்றாள். இவ்வளவு நாள் என்னைக் கட்டிப் போட்டது இதுதானா? கடனைத் தீர்க்காமல் வெளியே விடப் பயமா?

முன்பே சொல்லியிருக்கலாமே. யாரும் எதையும் முன்பே சொல்வதில்லை, இந்த வீட்டில்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

வெயில். தலைக்குக் குளித்து எட்டு மணிக்குக் கோயில். அப்பா, அம்மா, நான், செவலை. ஜிம்மி எவ்வளவு விரட்டியும் பின்னாலேயே வந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டது, அப்பா பழக்கிய நாய்.

கற்பூரம் காட்டினார்கள். நான் செவலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், விரல் எங்கும் படாமல். அதன் நெஞ்சு அடிப்பது கையில் தெரிந்தது. பூசாரி செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

உதறவில்லை.

"பொறும்மா. சாமி யோசிக்குது." இரண்டாவது தடவை நிறையவே ஊற்றினார். கொண்டையிலிருந்து சொட்டியது. செவலை கண்ணை மூடிக்கொண்டது.

உதறவில்லை. உள்ளுக்குள் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் பார்த்தேன்.

அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்க்கிறாள். செவலையைப் பார்க்கவில்லை. என் தலைமுடியை, கழுத்தை, கையை. ஒன்பதாம் நாள் என்னை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

மூன்றாவது தண்ணீர். பூசாரி செம்பைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல தெளிக்கிற வழக்கம் இல்லம்மா."

அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிலையைப் பார்த்துச் சத்தமாக, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பும்படி: "கேட்டப்பக் குடுத்தியே, இப்ப ஏன் வாங்க மாட்டேங்குற? லேட்டாக் கொண்டாந்தேன்னு கோவமா? கோழி வேணாம்னா வேற என்ன வேணும் ஒனக்கு? அவளக் கேக்காத. அவளக் கேக்காதப்பா. என்ன எடுத்துக்க."

அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைத்தவளுக்கு இது தோன்றவில்லை. சாமி வேண்டாம் என்றால் அம்மாவுக்கு அது என்ன அர்த்தம் என்று.

உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சேவலைத் தண்ணீர் ஊற்றிப் பழக்கினேன், சாமியை ஏமாற்றினேன் என்று. அப்புறம் என் உயிருக்கு அவள் பயப்படுவது ஒரு நாளா, ஆயுசு முழுக்க.

செவலை என் கைக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலை இறக்கைக்கு அடியில் கொண்டுபோனேன்.

உதறியது. தலையிலிருந்து வால் வரை. மஞ்சள் தண்ணீர் அம்மா முகமெல்லாம் தெறித்தது. "குடுத்துட்டாரு! உத்தரவு குடுத்துட்டாரு!" என்று பூசாரி. அம்மா அழுதாள், சிரித்தாள், முகத்தைத் துடைக்கவே இல்லை.

நான்தான் பூசாரி கையில் கொடுத்தேன். போகும்போது என் காதுத் தோட்டைப் பார்த்து ஒரு கொத்துக் கொத்தியது, எட்டவில்லை.

திரும்பி வரும்போது ஜிம்மி என் கையை மோந்துவிட்டு அப்பாவிடம் போகாமல் என்னோடு நடந்தது.

வீட்டில் அம்மா வேலி ஓரம் நின்று எல்லோரிடமும் சொன்னாள். கறுப்பிக்கும் மற்ற ஐந்துக்கும் அவளே குருணை போட்டாள். பிறகு இலை போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அம்மா நம்பினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று சிரித்தாள்.